காற்றைப் பாகம் பிரிக்க மறந்தவர்கள்

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சொத்துப் பாகம் பிரித்த அன்றைக்குப் பெரிய மனிதர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். கயிறு பிடித்து அளந்தார்கள். தண்ணீர்க் குழாய் யாருக்கு, மாடிப்படி யாருக்கு, வாசல் கேட்டில் எந்தக் கதவு யாருக்கு என்பது வரை பேசினார்கள். கதவு மூடாத ஒரு பழைய இரும்புப் பீரோவுக்காக அரை நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற சந்து யாருக்கு என்று ஒருவர் கேட்க, "அது பொதுவா இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுச் சாப்பிட எழுந்து போனார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் கடல்காற்று வருகிறது, அது இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில் மனுஷன் குடியிருக்க முடியாது என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

உறைத்தது ஒருத்திக்குத்தான். சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்த மூத்த மருமகளுக்கு. ஆனால் மருமகள் வாயைத் திறந்தால் "இவ எதுக்கு நடுவுல?" என்று கேட்கிற சபை அது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குக் கடித்த பல்தான், பிறகு எத்தனையோ வருஷத்துக்கு அப்படியே இருந்தது.

தெருவில் அவளைத் தையலக்கா என்பார்கள். பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை, திரைச்சீலை என்று எதைக் கொடுத்தாலும் தைப்பாள். கல்யாணமாகி இந்தக் கடலோர ஊருக்கு வந்தபோது அவளுக்கு இந்த வெயில் புரியவே இல்லை. அவள் பிறந்த ஊரிலும் வெயில் உண்டு. மண்டையைப் பிளக்கும் வெயில்தான். ஆனால் அது நேர்மையான வெயில். நிழலுக்குள் வந்துவிட்டால் விட்டுவிடும். இங்கே அப்படி இல்லை. நிழலிலும் புழுங்கியது. குளித்துத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதே மறுபடி நசநசத்தது. உப்பு ஜாடிக்குள் உப்பு தண்ணீராகியது. பெட்டிக்குள் மடித்து வைத்த துணியில் பூஞ்சை பூத்தது. புதுக் கத்தரிக்கோல் துருப்பிடித்து அழுதது. முதல் கோடையில், பிறந்த வீட்டுப் பழக்கத்தில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரத்துணியும் தொங்கவிட்டாள். வீடே ஆவி பிடிக்கிற பாத்திரமாகிவிட்டது. மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஏற்கெனவே தண்ணீரால் நிரம்பிய காற்றில் இன்னும் தண்ணீரைச் சேர்த்தால் எங்கே போகும்? அதன் பிறகு அவளாகவே பட்டுத் தெரிந்துகொண்டாள். இந்த ஊரில் வெக்கையை விரட்ட முடியாது, நகர்த்தத்தான் முடியும். அதற்குக் காற்று ஓடவேண்டும். விடிவதற்குள் சமைத்து முடித்து அடுப்பை அணைத்துவிடுவாள். காலையில் வெயில் படுகிற பக்கத்தை மூடுவாள். மத்தியானம் கடல்காற்று கிளம்பும் நேரத்துக்குச் சந்து ஜன்னலையும் முன் கதவையும் விரியத் திறந்துவிடுவாள். ஈரத்துணியை எவ்வளவு மழையானாலும் அறைக்குள் காயப்போடமாட்டாள். பீரோவைச் சுவரோடு ஒட்டிவைக்க விடமாட்டாள். மத்தியானம் அந்த ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே நுழைந்து, கட்டிலைத் தடவி, தையல் மிஷினைத் தாண்டி, வாசல் வழியாக வெளியே போகும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். ராஜாங்கம் நடத்துகிறவள் போல இருப்பாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். ஆயுசு முழுக்க என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த மனுஷன். ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைப் படிக்கவைத்தது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் இவர்தான். "நான் தூக்கி வளத்த பையன்" என்று சொல்லும்போது முகம் அப்படியே மலரும். ஒரு நாள் பஸ்ஸைக் கொண்டுவந்து டிப்போவில் நிறுத்தியவர், இறங்கமுடியாமல் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு பாதி போயிற்று. அன்றிலிருந்து சந்து ஜன்னலோரக் கட்டில்தான் அவருக்கு உலகம்.

படுத்தே கிடக்கிற உடம்புக்கு எதிரி வியர்வை. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் படுக்கை ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. எல்லாம் முதுகுக்கு அடியிலேயே தேங்கும். தையலக்கா பழைய பருத்தித் துணிகளைச் சேர்த்துத் தைத்து, மாற்றி மாற்றி விரித்தாள். நேரத்துக்கு நேரம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகைக் காற்றுப் பக்கம் திருப்பி உலரவிட்டாள். அப்படியும் இடுப்புக்குக் கீழே ஒரு புண் வரத்தான் செய்தது. வாரம் தவறாமல் வந்து கட்டுப்போடுகிற நர்ஸம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: காய்ந்து இருந்தால் ஆறும், ஈரம் பட்டால் எலும்பு வரைக்கும் போகும், போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. தையலக்கா அந்தப் புண்ணை ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டாள். சந்துக்காற்றும் அவளுக்குத் துணை நின்றது. புண் மெல்ல மெல்ல ஓரம் கட்டி ஆறிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கொழுந்தனார் ஏசி வாங்கினார்.

வாங்கட்டும். யார் வேண்டாம் என்றது? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், வெயிலில் அலைகிற பிழைப்பு. உழைத்த காசில் குளிர்ச்சியாகத் தூங்க ஆசைப்பட்டால் தப்பா? ஆனால் அந்த ஏசியின் வெளிப்பெட்டியை எங்கே மாட்டினார் என்று கேட்கவேண்டும். வீட்டு முகப்பில் மாட்டினால், புதிதாகப் பெயின்ட் அடித்த அழகு கெட்டுவிடுமாம். மொட்டை மாடியில் வைத்தால் குழாய் நீளம் கூடுமாம். அதனால் சந்துச் சுவரில். ஒரு ஆள் குடையை விரித்துக்கொண்டு நடக்கமுடியாத அந்தச் சந்தில், அண்ணன் படுத்திருக்கும் ஜன்னலுக்கு நேர் எதிரே.

மாட்ட வந்த மெக்கானிக் நல்ல பிள்ளை. எதிரில் ஜன்னல் இருக்கிறதே, சூடு முழுக்க அங்கேதான் போகும் என்று சொல்லிப் பார்த்தான். அதற்குக் கொழுந்தனார் சொன்ன பதில், மிஷினில் உட்கார்ந்திருந்த தையலக்காவின் காதில் தெளிவாக விழுந்தது.

"அது எங்க அண்ணன் வீடுதான்பா. ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீ மாட்டு."

ஒன்றும் சொல்லமாட்டார்களாம்! வேற்றாள் வீடாக இருந்திருந்தால் பயந்திருப்பார். எதிரி வீடாக இருந்திருந்தால் யோசித்திருப்பார். வளர்த்த அண்ணன் வீடு என்பதால் ஓங்கி ஆணி அடிக்கலாம். பாசம் வைத்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை இதுதான் போலிருக்கிறது. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்க நினைத்த தையலக்காவைக் கட்டிலிலிருந்து இடது கை தடுத்தது. வேண்டாம், தம்பியிடம் சண்டை வேண்டாம் என்று டிரைவர் குழறிக் குழறிச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி ஓட ஆரம்பித்தது. மத்தியானம் ஓரகத்திக்காக ஓடும், சாயங்காலத்துக்கு மேல் இரண்டு பேருக்காகவும் ஓடும், ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க ஓடும். கடலிலிருந்து வருகிற காற்றுக்கு முன்னால் அந்தப் பெட்டியின் காற்று ஜன்னலில் வந்து அறையும். பஸ் என்ஜின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி வெக்கை. ஜன்னலை மூடினால் அறை புழுங்கி, சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. திறந்தால் டிரைவர் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பருத்தித் துணியை மாற்றி மாளவில்லை. மாற்றித் துவைத்ததைக் காயவைக்கவும் காற்று இல்லை. மேலே சுற்றுகிற மின்விசிறி இருந்த வெக்கையையே கிண்டிக்கொண்டிருந்தது. ஒரு அட்டையை எடுத்துக் கை ஓயும்வரை அவள் விசிறுவாள். ஆறி வந்த புண் மறுபடி வாய் திறந்தது.

தையலக்கா ஓரகத்தியிடம் போய்ச் சொன்னாள். சண்டையாக இல்லை, தன்மையாகத்தான். ஓரகத்தி நல்லவள்தான், ஆனால் அந்த வீட்டில் கிள்ளுக்கீரை. புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்டாள், ஆனால் பதில் வரவில்லை. இரண்டாம் தடவை தையலக்காவே கொழுந்தனாரைக் கேட்டில் மறித்துச் சொன்னாள். அவர் பதறிப்போனார். அடடா, அண்ணனுக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணி, நாளைக்கே ஏற்பாடு செய்கிறேன் என்று நெஞ்சில் கை வைத்தார். பேச்சை விற்றுப் பிழைக்கிறவர் அல்லவா, பேச்சில் குறை வைக்கமாட்டார்.

சொன்னபடி மறுநாள் ஏற்பாடு வந்தது. என்ன ஏற்பாடு? பெட்டியை நகர்த்துவதற்கா? இல்லை. ஒரு ஏர்கூலர்! தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற கூலர். புதுசு, ரிப்பன் கட்டி வந்தது. தண்ணீரால் நிரம்பிக் கிடக்கிற காற்றில் இன்னும் தண்ணீரை ஊதுகிற யந்திரத்தை, புண்ணோடு படுத்திருக்கிறவருடைய அறைக்கு அனுப்பிவைத்தார். எங்கிருந்தோ வந்தவள் முதல் கோடையில் அந்தத் தப்பைச் செய்தாள், சிரித்தார்கள், நியாயம். இந்த உப்புக்காற்றிலேயே பிறந்து, இந்த வியர்வையிலேயே வளர்ந்த மனுஷருக்குமா தெரியாது? தெரியும். தன் வீட்டுக்கு வாங்கும்போது கூலர் வாங்கவில்லையே, ஏசிதானே வாங்கினார்! அண்ணன் வீட்டுக்கு என்றால் அறிவு கொஞ்சம் தூங்கிவிடும், அவ்வளவுதான்.

டிரைவர் அந்தக் கூலரைத் திருப்பி அனுப்ப விடவில்லை. தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்தது, ஓட்டிப் பார் என்றார். ஓட்டினாள். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதையாயிற்று. விரிப்பு பிழிகிற அளவுக்கு நனைந்தது. தைத்து அடுக்கியிருந்த சீருடைகளில் ஈர வாடை அடித்தது. நர்ஸம்மா வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புதுக் கட்டுப் போட்டார். பிறகு அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். புண் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிதான். அங்கே போனாலும் நம் கையில் ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் கொழுந்தனார் அண்ணனைப் பார்க்க வராமல் இல்லை. வாராவாரம் பழத்தோடு வருவார். நிலைப்படியிலேயே நின்று, கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டு, "எப்படிண்ணே இருக்கே, கூலர் நல்லா ஓடுதா?" என்பார். டிரைவர் தலையை ஆட்டுவார். பழத்தை வைத்துவிட்டு ஓடிவிடுவார். அந்த அறைக்குள் ஒரு தடவையாவது வந்து உட்கார்ந்திருப்பாரா? தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிரைவரோடு அதே பஸ்ஸில் காலம் தள்ளிய கண்டக்டர் பார்க்க வந்தார். வாய் ஓயாத மனுஷர். கட்டிலருகே உட்கார்ந்தவர் இரண்டே நிமிஷத்தில் சட்டைப் பித்தான்களைக் கழற்றிவிட்டு, இது என்னம்மா, என்ஜின் மேல உக்காந்த மாதிரி இருக்கே என்றார். எதிர்ச் சுவரில் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணை மூடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உதடு உலர்ந்திருந்தது, முதுகு மட்டும் நனைந்திருந்தது.

தையலக்கா மிஷினிலிருந்து எழுந்தாள். இத்தனை வருஷம் கடித்த பல்லை அன்றைக்குத்தான் விட்டாள். சுத்தமான ஒரு விரிப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கை வைத்த நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டாள். கண்டக்டரிடம் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள். எங்கேம்மா, ஆஸ்பத்திரிக்கா என்று அவர் கேட்டார். இல்லை, பக்கத்து வீட்டுக்கு என்றாள். கண்டக்டர் எதிர்ச் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், புரிந்துகொண்டார். வேண்டாம் என்று டிரைவர் முனகியபோது, "ஏறியாச்சு வாத்தியாரே, இறங்க முடியாது. ரைட், போலாம்" என்று நாற்காலியைத் தூக்கினார்.

சந்து வழியாகவே கொண்டுபோனார்கள். கொழுந்தனார் வீட்டுக் கதவைத் திறந்த ஓரகத்தி அப்படியே சிலையாகிவிட்டாள். தையலக்கா நிற்கவில்லை, நேராகப் படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே ஜில்லென்று இருந்தது. சாப்பிட்டுவிட்டு, போர்வையை மார்வரை இழுத்துக்கொண்டு கொழுந்தனார் படுத்திருந்தார். இந்தக் கோடையில் போர்வை! அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எந்திரிங்க தம்பி. உங்க வீட்டு வெக்கை எங்க வீட்டுல வந்து குடியிருக்கு. எங்க வீட்டு ஆளு உங்க வீட்டுல வந்து குடியிருக்கட்டும். கணக்கு நேராயிரும்."

கொழுந்தனார் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். விரிப்பை விரித்து டிரைவரை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். கண்டக்டர் நாற்காலியோடு வெளியே போய் நின்றுகொண்டார். கொழுந்தனாருக்குப் பேச்சு திரும்ப வந்ததும் வழக்கம்போலத் தேன் ஒழுகியது. சொல்லியிருந்தால் நானே தூக்கிக்கொண்டு வந்திருப்பேனே, இதுவும் அண்ணன் வீடுதானே, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றார். கொஞ்சம் பொறுத்து, அண்ணிதான் எதையும் பெரிதுபடுத்துகிறார் என்று அண்ணனிடம் சிரித்துக்கொண்டே குறையும் சொன்னார். அங்கே அப்படி என்ன சூடு? எல்லார் வீட்டிலும் இருக்கிற சூடுதானே? கூலர் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேனே?

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். டிரைவர் மிரளவில்லை. தம்பி பக்கம் கண்ணைத் திருப்பினார். குழறுகிற வாயை ஒழுங்குபடுத்திக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நீ போயி... என் கட்டில்ல... ஒரு தூக்கம்... போட்டுட்டு வா."

கொழுந்தனார் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் இடது கையை உயர்த்தி, கதவைக் காட்டினார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தபோதும் அந்தக் கைதான் கதவைக் காட்டியிருக்கும். அந்தக் கைக்கு மறுப்புச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இதுக்கென்னண்ணே, போறேன் என்று செருப்பை மாட்டினார். தையலக்காவும் பின்னாலேயே போனாள்.

மறுநாள் அந்தப் பெட்டியைக் கழற்றி மொட்டை மாடிக்கு ஏற்றியதைத் தெருவே பார்த்தது. பெரிய மனசு பண்ணி மாற்றிவிட்டார் என்று நாலு பேர் கொழுந்தனாரைப் பாராட்டவும் செய்தார்கள். பாராட்டிக்கொள்ளட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிரைவரின் அறையில் நடந்தது முழுசாகத் தையலக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

கொழுந்தனார் அண்ணன் கட்டிலில் ஏறிப் படுத்தார். ரப்பர் படுக்கை முதுகில் ஒட்டியது. முதலில் காலை ஆட்டிக்கொண்டு, அடே, காற்று வருதே அண்ணி என்று வேடிக்கை பேசினார். அவள் மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கழுத்தைத் தைக்க ஆரம்பித்தாள். கொழுந்தனாரின் பேச்சு குறைந்தது. பனியனைக் கழற்றினார். இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். கைக்குட்டையைப் பிழிந்தார். பெட்டி, அங்கே ஏசி அறைக்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டதாலோ என்னவோ, வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. அதன் மூச்சு நேராக அவர் முகத்தில் வந்து அடித்தது. சற்று நேரத்தில் முகம் சிவந்து, மூச்சு இரைக்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏசியை நிறுத்தும்படி பெண்டாட்டியை நோக்கிக் கத்தினார்.

ஓரகத்தி சந்துக்குள் ஓடிவந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதீங்க. மூத்தவரு இப்பதான் கண்ணசந்தாரு. எத்தனை நாள் தூக்கமோ, பாவம், கொறட்டை விடறாரு. இப்போ அதை நிறுத்தினா முழிச்சுக்குவாரு."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கல்யாணமான நாள் முதலாகப் புருஷன் சொல்லுக்கு அவள் மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று தையலக்காவுக்குத் தோன்றியது.

கொழுந்தனார் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டார். முதுகு முழுக்க விரிப்பின் மடிப்பு பதிந்து, வியர்வை இடுப்பு வரை வழிந்துகொண்டிருந்தது. செருப்பைக் காலால் தேடினார்.

தையலக்கா மிஷினை நிறுத்தினாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எந்திரிக்காதீங்க தம்பி. அவரு இங்க படுத்திருந்தப்போ ஒரு நாளாவது எந்திரிச்சாரா?"

கொழுந்தனார் செருப்புக்குள் நுழைத்த காலை எடுத்துக்கொண்டார். அப்படியே கட்டிலில் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த தையலக்கா, மறுபடி மிஷினை ஓட்டினாள்.